“குட்டி போட்டிருக்கு, அப்புறம் வாங்க!” - இரவிகுளம் தேசியப் பூங்காவில் ஒரு நாள்

ஐந்தாம் மைலில் கார் நின்றதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. டிக்கெட் கவுன்ட்டரில் ஆள் இல்லை. டீக்கடையிலும் கூட்டம் இல்லை. கேட்டில் ஒரு போர்டு மட்டும் தொங்கியது. அதைப் படிப்பதற்குள் உள்ளே இருந்த காவலரே குரல் கொடுத்தார்.

“குட்டி போட்டிருக்கு, அப்புறம் வாங்க!”

யார் வீட்டில் குட்டி, எதற்கு நாங்கள் திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு நொடி ஒன்றுமே புரியவில்லை. பின்சீட்டில் இருந்த அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. “ஏன் கண்ணு, பத்திரிகையில வேலை பார்க்கறே. தொறந்திருக்குதான்னு ஒரு வார்த்தை பார்த்துட்டு வந்திருக்கலாமில்ல?” என்றார்.

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அது பிப்ரவரி மாதம். வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒவ்வொரு வருடமும் இந்தச் சமயத்தில் மூடிவிடுவார்கள். கூகுளில் ஒரு நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் நான் அதைத் தேடவில்லை. மூணாறில் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுத் தாராபுரம் திரும்பினோம். வீட்டில் அந்த வாரம் முழுக்க என் பெயர் “குட்டி போட்டிருக்கு” ஆனது.

கோடை விடுமுறையில் மறுபடியும் கிளம்பினோம். இந்த முறை ‘திறந்திருக்கிறது’ என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் வண்டியை எடுத்தோம். நான், அம்மா, அக்காவின் எட்டு வயது மகன், அவன் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். அந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெயிலில் ஏறி, குளிரில் இறங்கி...

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலை ஒரு விநோதமான சாலை. ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அடுத்து கேரளத்தின் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். மழை மறைவுப் பகுதி என்பதால் முள்மரங்களும் காய்ந்த புல்லுமாக இருக்கும். சாம்பல் நிற அணில்களுக்கும் நட்சத்திர ஆமைகளுக்கும் பெயர்பெற்ற காடு இது. யானை எந்த வளைவிலும் நிற்கலாம். வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது.

மறையூரில் சந்தன மரக் காடு. வெல்லம் காய்ச்சும் வாசம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தை அம்மா இரண்டு கிலோ வாங்கிக்கொண்டார். அங்கிருந்து மேலே ஏற ஏறக் காற்றின் குணமே மாறிவிடும். தேயிலைத் தோட்டங்கள் தொடங்கும்போது ஸ்வெட்டரைத் தேடுவோம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முள்காட்டிலிருந்து மேகத்துக்குள் வந்துவிடுகிறோம்.

மூணாறு நகரத்திலிருந்து மறையூர் சாலையில் ஐந்து மைல் தொலைவில் இருப்பதால் அந்த நுழைவாயிலுக்கு ஐந்தாம் மைல் என்று பெயர். உடுமலை வழியாக வருபவர்களுக்கு மூணாறுக்கு முன்பே வந்துவிடும். நம் வண்டி அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். டிக்கெட் வாங்கினால் வனத்துறையின் பேருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நம்மை ராஜமலைக்கு ஏற்றிச் செல்லும். அங்கிருந்து தார்ச்சாலையில் நடை. பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதில் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி உள்ளது ராஜமலையின் இந்தச் சிறிய பகுதிக்கு மட்டும்தான்.

“இவ்வளவு தூரம் வந்து இவ்வளவுதானா?” என்று முன்னால் போன ஒரு குடும்பம் முணுமுணுத்தது. போன பிப்ரவரியில் நானும் இப்படித்தான் முணுமுணுத்தேன்.

முதல் தரிசனம்

முழங்கால் வலியுள்ள அம்மா ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்றுதான் ஏறினார். மூன்றாவது வளைவில் நின்றபோது, “அதென்ன, பாறை நகருது?” என்றார்.

பாறை நகரவில்லை. பாறையின் நிறத்திலேயே ஒரு வரையாடு நின்றிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே, நின்றால் நமக்குத் தலைசுற்றும் சரிவில், மூன்று குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. கால் வழுக்கிவிடுமோ என்று நாங்கள்தான் பதறினோம். குட்டிகளுக்கு அந்தக் கவலையே இல்லை.

‘வரை’ என்றால் மலை. மலையில் வாழும் ஆடு வரையாடு. சங்க இலக்கியத்தில் ‘வருடை’ என்ற பெயரில் வருவது இதுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தென்னிந்தியாவில் மலைமுகடுகளில் வாழும் ஒரே காட்டு ஆட்டினம். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை.

பார்ப்பதற்கு இமயமலைத் தார் ஆட்டின் தம்பி போல இருப்பதால் நெடுங்காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-ல் வெளிவந்த மரபணு ஆய்வு அதை மாற்றிவிட்டது. வரையாடு செம்மறி ஆட்டுக்குத்தான் நெருங்கிய உறவு என்று தெரிந்ததால், அதற்கென்றே தனிப் பேரினம் உருவானது.

முதிர்ந்த கிடாக்களின் நிறம் அடர்பழுப்பாகி, முதுகில் சேணம் போட்டதுபோல வெள்ளிநிறப் பட்டை வந்துவிடும். பெட்டைகள் சாம்பல் நிறம். குளம்பின் உட்பகுதி ரப்பர் போல மென்மையாக இருப்பதால் பாறையைக் கவ்விப் பிடிக்கிறது. மந்தை மேயும்போது ஏதாவது ஒன்று தலையைத் தூக்கிக் காவல் நிற்கும். சிறுத்தை, புலி, செந்நாய் என எது வந்தாலும் ஒரு சீழ்க்கை. அடுத்த நொடி மந்தை முழுக்கச் செங்குத்துப் பாறையில் இருக்கும்.

மழைக்காலத்தில் இணைசேரும். ஏறக்குறைய ஆறு மாதம் சினை. ஜனவரி, பிப்ரவரியில் குட்டி. பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான். முதல் ஆண்டைத் தாண்டாமலே போகும் குட்டிகள் பல. பிறந்த சில நாள்களுக்குள் தாயின் குரலையும் மணத்தையும் பழகிக்கொள்ள வேண்டும். சரிவில் நிற்கப் பழக வேண்டும். அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் செல்போனோடு சுற்றி நின்றால் தாய் மிரண்டு ஓடும், குட்டி தனித்துவிடும். “அப்புறம் வாங்க” என்ற அந்த இரண்டு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய காரணம் இருந்திருக்கிறது.

அந்த பிஸ்கட் பாக்கெட்

ராஜமலை வரையாடுகள் மனிதர்களைக் கண்டு ஓடுவதில்லை. சாலையிலேயே வந்து நிற்கும், நம்மைக் கடந்து நடக்கும். தேயிலைத் தோட்டக் காலத்தில் இங்கே உப்பு வைத்துப் பழக்கியதுதான் இதன் தொடக்கம் என்கிறார்கள். வேறு எந்தக் காட்டிலும் தொலைநோக்கியில் தேட வேண்டிய விலங்கு இங்கே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. ராஜமலையின் பெரிய அதிசயம் இதுதான். பெரிய ஆபத்தும் இதுதான்.

சாலையோரச் சுவரருகே ஒரு குட்டி வந்து நின்றது. நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல ஃப்ரேம். குட்டி, பின்னால் மேகம், ஓரத்தில் எங்கள் பையன். அவன் கையில் உரித்த பிஸ்கட். குட்டி மூக்கை நீட்டியது. ‘இன்னும் ஒரு அடி... ரீல்ஸ் அள்ளிக்கும்’ என்று என் மனசு சொன்னது. உண்மையை எழுத வேண்டும் அல்லவா? நான் அவனைத் தடுக்கவில்லை. போனைத்தான் ஜூம் செய்தேன்.

விசில் சத்தம். காவலர் ஒருவர் ஓடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பையனின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து தமிழிலேயே பேசினார். “தம்பி, உனக்கு யாராச்சும் புல்லைக் குடுத்தா தின்பியா? இது பிஸ்கட்டைத் தின்னா வயிறு கெட்டுப்போயிரும். அதைவிட முக்கியம், மனுஷன் கையில சாப்பாடு இருக்குன்னு கத்துக்கிட்டா அது பாறைக்குப் போகாது. ரோட்டுலயே நிக்கும். புலி வந்தா எங்க ஓடும்?”

பையன் பிஸ்கட்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டான். காவலர் என் பக்கம் திரும்பி, “நீங்க வீடியோ எடுத்துட்டிருந்தீங்கல்ல தங்கச்சி?” என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். அந்த வீடியோவை அப்போதே அழித்துவிட்டேன்.

வரையாடு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. தொடுவதும் துன்புறுத்துவதும் விளையாட்டல்ல. 2023-ல் இதே ராஜமலையில் வரையாட்டின் கொம்பைப் பிடித்துப் படம் எடுத்த இருவரை வனத்துறை கைது செய்தது.

வேட்டைக்காடு பூங்கா ஆன கதை

இந்த மலைகள் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து குத்தகையாக வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் கைக்குப் போயின. தேயிலை விளையாத உயரமான புல்வெளி அவர்களுக்கு வேட்டைக்காடு. நல்ல வேளையாக, சுட்டுக்கொண்டே இருந்தால் மிச்சம் எதுவும் இருக்காது என்று அவர்களுக்கே தோன்றியது. சங்கம் அமைத்து வேட்டைக்கு வரம்பு கட்டினார்கள். காவலுக்கு முதுவர் பழங்குடியினரை வைத்தார்கள்.

மதுரையிலிருந்து முதுகில் சுமை சுமந்து மலையேறி வந்தவர்கள் என்பது முதுவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் வரலாறு. இன்றும் தீத்தடுப்புக் கோடு போடுவது, காவல் சுற்றுவது என்று இந்தக் காட்டின் வேலைகளில் அவர்களின் பங்கு பெரிது.

1971-ல் கேரள அரசு சட்டம் இயற்றி, தோட்டமாகாத நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1975-ல் இரவிகுளம் சரணாலயமானது, 1978-ல் தேசியப் பூங்கா. ‘நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதா, ஆடுகளுக்கு விடுவதா?’ என்ற கேள்வி நியாயமாக எழக்கூடிய காலம் அது. புல்வெளியை அப்படியே விட்டதால்தான் இன்று நாம் இங்கே டிக்கெட் வாங்கி நிற்கிறோம்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து ஒரே நேரத்தில் வரையாடுகளைக் கணக்கெடுத்தன. தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. மொத்தம் 2,668. இதில் இரவிகுளத்தில் மட்டும் 841. அதாவது உலகில் இருக்கும் வரையாடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்த ஒரே பூங்காவில். நம் பக்கத்து வால்பாறை புல்மலையும் இரவிகுளமும் ஒட்டியவை. வரையாட்டுக்கு மாநில எல்லை கிடையாது.

தமிழக அரசும் 2022-ல் ரூ.25.14 கோடியில் ‘நீலகிரி வரையாடு திட்டம்’ அறிவித்தது. வரையாடுகளை முதன்முதலில் விரிவாக ஆய்வு செய்தவர்களில் ஒருவரான ஈ.ஆர்.சி.டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7-ம் தேதி வரையாடு தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஆடு மட்டுமா?

மேகம் விலகிய ஐந்து நிமிடத்தில் ஆனைமுடி தெரிந்தது. 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் உயரமான சிகரம். பெயருக்கேற்ப யானையின் மத்தகம்தான். அதில் ஏறப் பயணிகளுக்கு அனுமதி இல்லை.

அந்த உச்சியில் 2010-ல் ஓர் ஆரஞ்சு நிறத் தவளையை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். மூங்கில் புதரில் முட்டையிடும். தலைப்பிரட்டையாக நீரில் நீந்தும் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையாக வெளிவரும். இரவிகுளம் மலையைத் தவிர வேறெங்கும் அதைக் கண்டதில்லை.

பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. சோலையிலிருந்து கருமந்தியின் உறுமல் கேட்டது. புல்லில் நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னப் பறவை எழும்பி எழும்பி அமர்ந்தது. கழுத்தில் மஞ்சள் பூசிய நீலகிரி மார்ட்டென் இருக்கும் காடு இது. எங்கள் கண்ணில் படவில்லை.

சரிவெங்கும் நீலக்குறிஞ்சிச் செடிகள். இப்போது வெறும் பச்சைப் புதர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்தது 2030. “எனக்கு அப்ப 13 வயசு” என்று பையன் விரல்விட்டு எண்ணினான். அதற்கடுத்த பூப்பு 2042-ல். அப்போது அவனுக்கு 25, இன்றைக்கு என் வயது.

சாலையின் அந்தப் பக்கம்

இறங்கும் பேருந்துக்காகக் காத்திருந்தபோது அதே காவலர் அம்மாவுக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார். எந்த ஊர் என்று பேச்சு தொடங்கியது. அவருடைய தாத்தா காலத்திலேயே தேயிலைக்கு வந்த குடும்பம். “இந்த ரோடு அப்படியே போனா எங்கண்ணா போகும்?” என்று கேட்டேன்.

“பெட்டிமுடி” என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு. பலத்த மழையில் மலைச்சரிவு உடைந்து, பெட்டிமுடியின் லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பெரும்பாலோர் தமிழர்கள். கயத்தாறு பகுதியை வேராகக் கொண்ட குடும்பங்கள் பல. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலைதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இறந்தவர்களில் இந்தப் பூங்காவில் தற்காலிக ஊழியர்களாக வேலை பார்த்தவர்களும் உண்டு. மீட்ட உடல்களை ராஜமலை மைதானத்தில்தான் அடக்கம் செய்தார்கள்.

அப்போது நான் கல்லூரி மாணவி. டி.வி-யில் பார்த்த ஊர்ப் பெயர். நாங்கள் சிரித்துக்கொண்டு படம் எடுத்த இதே சாலையின் முனையில் அந்த ஊர் இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது. பேருந்து கிளம்பும்போது அம்மா அந்தத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அமராவதியின் தாய்வீடு

திரும்பும் வழியில் மறையூர் சாலையோரம் லக்கம் அருவி. கால் நனைத்தோம். “இந்தத் தண்ணி எங்க போகுது?” என்று பையன் கேட்டான். மேப்பைப் பெரிதாக்கிக் காட்டினேன். இரவிகுளம் பீடபூமியில் பிறக்கும் இந்த ஓடை பாம்பாறில் சேர்கிறது. பாம்பாறு கிழக்கே இறங்கி, சின்னாறோடு கலந்து அமராவதி அணைக்குள் போகிறது.

அம்மா அப்படியே நின்றுவிட்டார். எங்கள் தாத்தா விவசாயி. காலையில் பேப்பர் வந்தால் முதலில் பார்ப்பது அமராவதி அணையின் மட்டம். மொத்த உயரம் 90 அடி. அது எத்தனை அடி என்பதைப் பொறுத்துத்தான் அன்றைக்கு வீட்டில் அவருடைய முகம். அந்த அடிக்கணக்கின் ஒரு பங்கு, நாங்கள் காலையில் பார்த்த புல்லின் வேரிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி வருகிறது. மழையைப் பஞ்சு போலப் பிடித்துவைத்து, மழை நின்ற பிறகும் மெதுவாக விடுகிறது அந்தப் புல்வெளி. அங்கே தைலமரமும் சீகை மரமும் பரவினாலும், தீ வைத்துக் கருகினாலும் உடுமலையிலும் தாராபுரத்திலும் கரூரிலும்தான் தெரியும்.

“உங்க தாத்தா இருந்திருந்தா இங்க கூட்டியாந்திருக்கலாம்” என்றார் அம்மா. அருவித் தண்ணீரை ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

கிளம்பும் முன் கவனிக்க...

* பொதுவாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடியிருக்கும். திறக்கும் தேதி குட்டிகளைப் பொறுத்து மாறும். உறுதிசெய்துவிட்டுக் கிளம்புங்கள். என்னைப் போல அவமானப்பட வேண்டாம்!

* காலையில் முதல் பேருந்துகளிலேயே ஏறிவிடுங்கள். மதியத்துக்குமேல் மேகம் மூடினால் எதிரில் நிற்கும் ஆடுகூடத் தெரியாது. விடுமுறை நாள்களில் வரிசை நீளம். வனத்துறையின் தளத்தில் முன்பதிவு செய்வது நல்லது.

* ஸ்வெட்டர், குடை இரண்டும் தேவை. மேலே நடை ஏற்றம்தான். மூட்டுவலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறலாம். என் அம்மாவால் முடிந்தது.

* பிளாஸ்டிக் கவர், பாட்டில் வேண்டாம். தின்பண்டம் எதையும் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டாம்.

* வரையாடு நெருங்கி வந்தால் நீங்கள் ஒதுங்கி வழிவிடுங்கள். சாலையைவிட்டுப் புல்லில் இறங்காதீர்கள்.

* தமிழகத்திலிருந்து உடுமலை - மறையூர் வழியாகவோ, தேனி - போடிமெட்டு - பூப்பாறை வழியாகவோ வரலாம். உடுமலை வழியில் இரவுப் பயணத்தைத் தவிருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையன் அக்காவிடம் கதை சொன்னான். பாறை நகர்ந்த கதை, தலைப்பிரட்டையாகாத தவளையின் கதை எல்லாம் சொல்லிவிட்டு, “பிஸ்கட் குடுக்கப் போனேன்மா, அந்த மாமா வேண்டாம்னுட்டார்” என்றான். ஃபோட்டோ எங்கே என்று அக்கா என்னைக் கேட்டாள்.

“எடுத்தேன், அழிச்சுட்டேன்” என்றேன். ஏன் என்று அவளுக்குச் சொல்வதற்குள் அம்மா உள்ளேயிருந்து மறையூர் வெல்லம் போட்ட டீயோடு வந்துவிட்டார். 2030-ல் குறிஞ்சி பூக்கும்போது எல்லோருமாகப் போவது என்று முடிவாகியிருக்கிறது. தேதியைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது.